எலி வந்த வழியே பாம்பும் வரும்

(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய பேச்சு)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் விவசாயி நடுங்கிக்கொண்டு வீட்டிலே உட்கார்ந்திருக்க முடியுமா? விடியுமுன் மடை திறக்கப் போக வேண்டும். ராத்திரி கரண்டு வந்தால் மோட்டார் போடப் போக வேண்டும். வயலில் பாம்பு இருக்கும் என்று தெரிந்துதான் போகிறோம். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் டார்ச் லைட், கண் தரையிலே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு, தரையில் பாயை விரித்து, பிள்ளைகளோடு படுத்துவிடுகிறோம். அந்த வீட்டுக்குள்ளேயே பாம்பு வந்தால் என்ன செய்வது? வராமல் இருக்க என்ன செய்வது? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லீங்க. 2000-ஆம் ஆண்டிலிருந்து 2019 வரை, இருபது ஆண்டுகளில், நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். இறப்புகளில் பாதி மழைக்காலத்தில் நேர்ந்தவை. இன்னொரு கணக்கும் உண்டு. 2001 முதல் 2003 வரை நடந்த சாவுகளை ஆராய்ந்தபோது, பாம்பு கடித்து இறந்தவர்களில் 100-க்கு 23 பேர்தான் மருத்துவ நிலையத்தில் இறந்திருந்தார்கள். மற்ற 77 பேர் வீட்டிலோ, வழியிலோ, வேறெங்கோ இறந்தவர்கள். மருந்து இருந்தும், மருந்து இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராத உயிர்கள் இவற்றில் எத்தனையோ.

ஏன் வீட்டுக்கு வருகிறது?

பாம்புக்கு நம் மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. அதற்கு வேண்டியது மூன்று: தின்ன இரை, ஒளிந்துகொள்ள இடம், கோடையில் கொஞ்சம் குளிர்ச்சி. இந்த மூன்றையும் நாமே வீட்டைச் சுற்றிச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் எலி முக்கியமான இரை. நல்ல பாம்பு தவளையும் பிடிக்கும், கோழி முட்டையும் குஞ்சும் கிடைத்தால் விடாது. கட்டுவிரியன் எலி, பல்லி இவற்றோடு மற்றப் பாம்புகளையும் பிடித்துத் தின்னும். நாகமும் விரியனும் தானாக வளை தோண்டுவதில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். அதே போல எலி தோண்டிய வளையில்தான் பாம்பு குடியேறுகிறது. ஆக, எலி ஒன்றே பாம்புக்குச் சாப்பாடும் போடுகிறது, வீடும் கட்டிக் கொடுக்கிறது. எலி சினையான மூன்று வாரத்தில் குட்டி போடும். பிறந்த குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் குட்டி போடத் தயாராகிவிடும். இந்த வேகத்தில் பெருகுகிற இரை இருக்கும் வரை, ஒரு பாம்பை அடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரத்தான் செய்யும்.

எலி இல்லாத வீட்டுக்குப் பாம்பு வருவது குறைவு. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

இந்தப் பேச்சு முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கொல்லைப்புறத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் வைக்கோல் போர். பல வீடுகளில் சுவரை ஒட்டியே போர் போட்டிருப்பார்கள், மாட்டுக்குப் பிடுங்கிப் போட வசதி என்று. அதில் உதிர்மணி இருக்கும், எலி வரும். அடியில் கதகதப்பாக இருக்கும், பாம்பு வரும். போரை வீட்டிலிருந்து இருபது முப்பது அடியாவது தள்ளி, கல் பரப்பி மேடாக்கி அதன் மேல் போடுங்கள். வைக்கோல் பிடுங்கும்போது கையை நேரே உள்ளே விடாதீர்கள். ஒரு கம்பால் தட்டி, கிளறிவிட்டுப் பிறகு எடுங்கள்.

அடுத்து விறகு, வறட்டி, தென்னை மட்டை, பழைய ஓடு, செங்கல். ‘எதுக்காவது ஆகும்’ என்று வருஷக் கணக்கில் குவித்து வைத்திருப்போம். வேண்டாததை அப்புறப்படுத்துங்கள். விறகை ஒன்றரை அடி உயரத்தில் பரண் போல அடித்து, அதன் மேல் அடுக்குங்கள். அடியில் வெளிச்சமும் காற்றும் போனால் பாம்பு தங்காது. விறகு எடுப்பது பெரும்பாலும் நம் தாய்மார்கள். விளக்கு வைத்த பிறகு விறகில் கை வைக்காமல், ராத்திரிக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் வீட்டு ஆண்களே எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

மூன்றாவது கோழிக்கூண்டு. சுவரோரம் தரையோடு தரையாகக் கூண்டு வைத்தால் எலியும் வரும், பாம்பும் வரும். கூண்டைக் கால் வைத்து உயர்த்துங்கள். கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். பெரிய கண் உள்ள வலையில் சிறிய பாம்பு சுலபமாக நுழைந்துவிடும். கோழிக்குப் போட்ட தானியம் மிஞ்சினால் பொழுது சாயுமுன் கூட்டி அள்ளிவிடுங்கள். மாட்டுத் தொட்டியில் மிஞ்சிய தவிடு, புண்ணாக்குக்கும் இதே கதைதான்.

நான்காவது, வீட்டுச் சுவர். எலி வளை இருந்தால் உடைந்த கண்ணாடிச் சில்லைச் சிமெண்டோடு கலந்து அடையுங்கள். வெறும் மண் வைத்து அடைத்தால் மறுநாளே தோண்டிவிடும். சலதாரைக்குக் கம்பி வலை போடுங்கள். கதவுக்கு அடியில் சந்து இருக்கிறதா பாருங்கள். சுண்டுவிரல் நுழைகிற சந்து சுண்டெலிக்குப் போதும். அந்தச் சந்தில் கட்டுவிரியன் குட்டியும் நுழையும். பழைய டயர் ரப்பரையோ தகரப் பட்டையையோ கதவின் அடியில் அடித்துவிட்டால் தீர்ந்தது. கூரையில் படுகிற மரக்கிளை, சுவரில் ஏறும் கொடி எல்லாவற்றையும் வெட்டி விலக்குங்கள். சுவரைச் சுற்றி மூன்றடிக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைத்தால், எது வந்தாலும் கண்ணில் படும்.

கடைசியாக நெல் இருக்கும் இடம். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். மூட்டையைச் சுற்றி ஆள் நடந்து பார்க்க இடம் வேண்டும். வெளியே குதிர் வைத்திருப்பவர்கள் அதை மூன்றடி உயரமுள்ள கால்கள் மேல் வைத்து, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல் போல ஒரு தகரம் பொருத்துங்கள். எலி காலைப் பிடித்து ஏறி வந்தாலும் அந்தத் தகரத்தைத் தாண்ட முடியாது.

எலியை ஒழிக்கும் முறை

‘நான் மட்டும் சுத்தமா வச்சா போதுமா? பக்கத்து வீட்டு எலி வருமே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் தெருவோடு சேர்ந்து, ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். முதல் நாள் சாயங்காலம் கண்ணில் படுகிற எல்லா வளையையும் மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் எலி குடியிருக்கும் வளை. கையை மட்டும் உள்ளே விடக் கூடாது. உள்ளே இருப்பது எலியா, எலியைத் தின்ன வந்ததா என்று வெளியே இருந்து தெரியாது.

வீட்டுக்குள் பொறிதான் நல்லது. கூண்டுப் பொறியோ அடிப் பொறியோ, எதுவானாலும் சுவரோரமாக வையுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். புதிதாக ஒரு பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் பொறியை இழுத்துக் கட்டாமல், சுட்ட தேங்காயோ கருவாடோ வடையோ சும்மா வைத்துத் தின்னவிடுங்கள். பழகிய பிறகு கட்டுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் பாலிதீன் பையை மாட்டி எடுத்துப் புதையுங்கள். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலும் ஆளைக் கொல்லக்கூடிய வியாதிதான்.

விஷம் பற்றி ஒரு எச்சரிக்கை. எலிப் பசையை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கு முறிவு மருந்து கிடையாது. குழந்தை தெரியாமல் தின்றாலும், பெரியவர்கள் மனக்கஷ்டத்தில் தின்றாலும் ஈரலைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். தானியத்துக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய வளையில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் புகை சுவர்ச் சந்து வழியாக உள்ளே வந்து, தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். வயலுக்கு விஷ இரை வைப்பதானால் உங்கள் வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் வையுங்கள்.

இன்னொரு நண்பனும் நமக்கு இருக்கிறான். அவன் பெயர் கூகை. முகம் வெள்ளையாக, வட்டமாக இருக்கும் ஆந்தை. அது அலறினால் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுகிறோம். உண்மையில் ஓர் இரவில் இரண்டு மூன்று எலியைப் பிடித்து நம் நெல்லைக் காப்பாற்றும் பறவை அது. அதை விட்டு வையுங்கள். வயலில் ஆங்காங்கே குறுக்குக் கட்டை கட்டிய கம்பு நட்டால் அது உட்கார்ந்து வேட்டையாட வசதி. சாரைப் பாம்பும் இப்படித்தான். அதற்கு விஷம் இல்லை. மாட்டு மடியில் பால் குடிக்கும் என்பது வெறும் கதை. அது தின்பது எலி, தவளை போன்றவற்றை.

பூண்டும் பெருங்காயமும்

‘வெள்ளைப்பூண்டு இடிச்சுத் தெளிச்சா பாம்பு வராதாமே, பெருங்காயத் தண்ணி தெளிக்கலாமே, சிறியாநங்கைச் செடி வச்சா போதுமே’ என்று பலர் சொல்வார்கள். நான் குறை சொல்லவில்லை. பூண்டு ரசத்துக்கு நல்லது. ஆனால் அதை நம்பிச் சுவர் ஓட்டையை அடைக்காமல் விடாதீர்கள். வாசனைக்குப் பயந்து, எலி இருக்கும் வீட்டைப் பாம்பு விட்டுப் போகும் என்று நம்ப முடியாது.

நாலு பாம்பை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் பாம்பு வகை பல. வீட்டுப் பக்கம் வந்து ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நாலு. படம் எடுக்கும் நல்ல பாம்பு ஒன்று. உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி வட்டப் புள்ளிகளோடு, தடித்து, குக்கர் சீறுவது போலச் சீறுகிற கண்ணாடி விரியன் இரண்டு. மேட்டாங்காட்டிலும் கல் இடுக்கிலும் சுருண்டு கிடந்து, செதிலை உரசிச் சரசரவென்று சத்தம் போடும் சிறிய சுருட்டை விரியன் மூன்று. கருகருவென்று பளபளப்பாக, மெல்லிய வெள்ளை வளையங்களோடு இருக்கும் கட்டுவிரியன் நான்கு.

இதில் கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். ராத்திரியில்தான் அதற்கு நடமாட்டம். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கடித்துவிடும். வலி அவ்வளவாக இருக்காது. வீக்கம் இருக்காது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. கண் இமை தூக்க முடியாமல் சொருகும். எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும். கடைசியில் மூச்சு நின்றுவிடும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் இப்படி எழுந்தால், பாம்பைப் பார்த்தவர் யாரும் இல்லாவிட்டாலும், கடிவாய் தெரியாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ‘கொழுப்பான சாப்பாடு ஒத்துக்கலை’ என்று கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதற்குத் தடுப்பு மிகவும் சுலபம். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நேபாள நாட்டின் தென்கிழக்குக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று அதில் தெரியவந்தது. ஒரு கொசுவலையால் கொசுவும் இல்லை, கட்டுவிரியனும் இல்லை. பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் வாங்குங்கள்.

பாம்பைப் பார்த்துவிட்டால், பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் விலக்கிவிட்டு, பத்தடி தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வழி விட்டால் பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குள் புகுந்துகொண்டால் வனத்துறைக்கோ, பயிற்சியும் அனுமதியும் உள்ள பாம்பு பிடிப்பவருக்கோ தகவல் கொடுங்கள். அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் உண்டு. தவிர, 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளைப் பாதுகாக்கிறது.

கடித்துவிட்டால்

இவ்வளவு செய்தும் கடித்துவிட்டால்? முதலில் கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லுங்கள். எல்லாப் பாம்புக்கும் விஷம் இல்லை. விஷப் பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கினால் அவை சதையில் பதிந்துவிடும். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல ஒரு குச்சியோ பலகையோ வைத்து, இறுக்காமல் கட்டி, கை காலை ஆட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தை நினைவில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை: கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது, ரத்த ஓட்டம் நின்று கை காலே போய்விடும். பிளேடால் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. சாராயம் கொடுக்கக் கூடாது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அதில் நேரம்தான் போகும், இன்னொருவருக்கும் கடி விழும்.

108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது என்றால், கடிபட்டவரை ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் இன்னொருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பச்சிலை, மந்திரம், பார்வை பார்ப்பது என்று வழியில் நிற்காதீர்கள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் போய்க்கொண்டே வேண்டிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார். ‘ஊசி போடாமல் சும்மா உட்கார வச்சிருக்காங்களே’ என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். அந்த 20 நிமிடத்தில் ரத்தம் உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். அதுவே ஒரு பரிசோதனைதான். விஷம் ஏறாதவருக்கு அந்த மருந்தைப் போட்டால் அதனால் ஒவ்வாமைத் தொல்லை வரலாம். ஆகையால்தான் பார்த்துப் போடுகிறார்கள். ஒன்றும் இல்லை என்றாலும் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த மருந்து எப்படி வருகிறது தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இந்த நாலு பாம்பையும் பிடித்து, மூன்று நான்கு வாரம் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது அவர்கள் தொழில். அந்த விஷத்தைக் கொண்டுதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பை நன்கு அறிந்தவர்கள் அதைக் கொல்வதில்லை, அஜாக்கிரதையாகவும் இருப்பதில்லை.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் கடி என்று கணக்குத் தெரிந்தால்தான், எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு மருந்து வைப்பது என்று தீர்மானிக்க முடியும். நீங்கள் மந்திரிக்கிற இடத்துக்குப் போய்விட்டால் உங்கள் ஊர் அந்தக் கணக்கிலேயே வராது.

பெரியோர்களே, நான் சொன்னதில் பெரிய செலவு எதுவும் இல்லை. கொஞ்சம் சிமெண்ட், ஒரு கதவுக்கு ரப்பர், ஒரு கொசுவலை. வைக்கோல் போரை இடம் மாற்ற ஒரு நாள் வேலை. மழைக்காலம் தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள். அரசு மருத்துவமனைக்கு எந்த வழி கிட்டம், ராத்திரியில் வண்டி யாரிடம் இருக்கும் என்று இன்றைக்கே அக்கம்பக்கத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடித்த பிறகு அதை யோசிக்க நேரம் இருக்காது.